வானொலியருகே என் நாற்காலி

ஔதனார்தே, பெல்ஜியம்

என் அன்புக்குரிய ஒத்திலியா,

உன் முழங்கால் வலியை ஆண்டவர் தணித்திருப்பார் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இந்தக் கோவிலில் மணியடிக்கும் எனக்குக் குளிரைத் தவிர வேறு குறையில்லை.

ஞாயிறன்று எதிரிலுள்ள பியர் கடையில் சைக்கிள் பந்தயம் பார்த்தோம். நம் கொலம்பிய வில்மர் மேட்டின் அடிவாரத்திலேயே பாய்ந்து முந்தினான். ஆனால் மூன்றாவதாகத்தான் வந்தான்.

“பெரியவரே, உங்க நாட்டுப் பையனுக்கு மூளையே இல்ல! அவ்வளவு சீக்கிரமாவா பாயுறது?” என்று கடைக்காரர் லீவன் சீண்டினார்.

“போய்யா! அது ஒடுக்கமான கல்லுப் பாதை. முன்னால ஒருத்தன் காலை ஊனினா, பின்னால வர்றவன் எல்லாம் இறங்கித் தள்ளணும். அதான் முந்திட்டான்” என்றேன்.

“அடேங்கப்பா, இவரல்லவா பயிற்சியாளர்!” என்று லீவன் பியர் ஊற்றித் தந்தார். அது கசந்தது. அந்த வாதம் என்னுடையதன்று. இத்தகைய மேடுகளைப் பற்றிப் பக்கத்து வீட்டு எவேலியோ சொன்னதாக, போன கடிதத்தில் நீ வியந்து எழுதியது. மனைவியை இழந்த அவர் நம் வீட்டில் உன்னோடு அமர்ந்து பந்தயம் கேட்கிறார் என்று அறிந்த நாள்முதல், தம்பியின் பலி ஏற்கப்படக் கண்ட காயீனைப்போல் என் முகம் வாடியிருக்கிறது.

கம்பளிப் போர்வை ஒன்று அனுப்பு. வானொலியருகே இருக்கும் என் நாற்காலியில் உன் தையல் கூடையை வைத்துவிடு. அவர் முக்காலியில் அமரட்டும்.

மாலை மணிக்கு நேரமாயிற்று. வரும் ஞாயிற்றுப் பந்தயத்தைப் பற்றி எவேலியோ என்ன நினைக்கிறார் என்று மட்டும் கேட்டு விரைவில் எழுது. அடுத்த முறையும் என் கருத்தைக் கேட்காமல் லீவன் என்னை விடமாட்டார்.

உன் கணவன்,
ஹசிந்தோ