அணைந்திருந்த குளிர்ப்பெட்டி

அக்டோபர் 14, திங்கள்

முருகண்ணனிடம் இன்று சொல்லாதது: என் ஒரு வருஷ உழைப்பு போய்விட்டது.

காலையிலிருந்தே வானம் மூட்டம். பூஜை விடுமுறை முடிந்து ஆய்வகம் திறந்த நாள். உள்ளே சந்தன வாசனை, இயந்திரங்களின் மேல் வாடிய மாலை. எப்போதும் கேட்கும் உறுமல் இல்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து கரைசலில் விரலை விட்டேன். வெதுவெதுப்பு. ஐந்து டிகிரியில் காத்து வந்த, சிமெண்ட் சாந்தில் வார்த்த பட்டைகள் அத்தனையும் அதற்குள்.

முருகண்ணன் எங்கள் லேப் அசிஸ்டென்ட், மார்த்தாண்டத்துக்காரர். "பூசைக்கு வச்சா எந்திரத்துக்கும் ஓய்வு வேண்டாமா பிள்ளே? நீ சுவிட்சில எழுதி ஒட்டியிருந்தியே, அணைக்காதீங்கன்னு. அதுல நான் கையே வைக்கல்ல. மெயினத்தான் ஆஃப் பண்ணுனேன்."

சிரிப்பு வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

மத்தியானம் இடி. மழை பெய்யவில்லை.

தூக்கமில்லை. சுண்ணாம்புக்கல் கலந்த சிமெண்டை சல்பேட் கரைசல் குளிரில் கரைக்குமா என்பதுதான் என் ஆய்வு. அறைச் சூட்டில் வைத்த பட்டைகள் இன்றும் கல். குளிரில் வைத்தவை போன வியாழன் மூலைகளில் வெளுத்திருந்தன. நகம் பட்டதும் உதிர்ந்தது, ஈர மாவு போல. எவ்வளவு சந்தோஷப்பட்டேன், ஒரு பொருள் அழிவதைப் பார்த்து. அதற்கு முந்தைய அளவுகளில் ஒன்றுமே தெரியவில்லை. இது தெரிந்தபோதோ அளக்கும் கருவிகளெல்லாம் பூஜைக்குப் போய்விட்டன. எடுத்தால் முருகண்ணன் வருத்தப்படுவார். திங்கள் அளக்கலாம் என்று வந்துவிட்டேன்.

இனி யார் கேட்டாலும், கெட்டது குளிரிலா சூட்டிலா என்று நிரூபிக்க முடியாது.

அம்மா: "என்னடி, தட்டையே பாத்துண்டு உக்காந்திருக்கே?"

"ஒண்ணுமில்லம்மா."

"இப்படி மூஞ்சிய வெச்சுண்டு ஒண்ணுமில்லையாம். பூஜைல வெச்ச புஸ்தகத்த எடுத்தியோ? இல்ல, சரஸ்வதியே படிச்சுக்கட்டும்னு விட்டுட்டியா?"

எடுக்கவில்லை. துருவப் பனியில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிய புத்தகம். பாதியில் நிற்கிறது. அவர்களுக்குக் குளிர் இலவசம்.

வாங்க: தலைவலி மாத்திரை, காப்பிப்பொடி.

அக்டோபர் 16, புதன்

என் ஆய்வு வழிகாட்டி, மலையாளம் கலந்து பேசும் ஷீலா மேடத்திடம் சொன்னேன். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"மூணு திவசம் அல்லே உள்ளு? கிராஃப்ல இருந்து எடுத்துக் களை. ஆரு நோக்கும்?" குளிர்ப்பெட்டியின் வெப்பநிலை கிராஃபிலிருந்து, மின்சாரம் நின்ற மூன்று நாளை எடுத்து எறியச் சொல்கிறார்.

"கெட்டது குளிர்லதானான்னு கேட்டா, மேடம்?"

"உனக்கு அறியாமல்லே?"

அறியும். வியாழனே கண்ணால் பார்த்தேன். ஆனால் நான் பார்த்தேன் என்பது ஒரு அளவு அல்ல.

எங்களிடம் ஆய்வைக் கொடுத்த கம்பெனி இந்த சிமெண்டை வடக்கே மலைச் சுரங்கப்பாதைக்குக் கொடுக்கப்போகிறது. அங்கே மண்ணில் சல்பேட், வருஷத்தில் பாதி குளிர். ஸ்வெட்டர் கடை பார்த்திராத இந்த ஊரில் உட்கார்ந்து, அங்கே இது கரையும் என்று சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

மூன்று நாளை மறைத்தால், குளிரில் கரையும் என்ற உண்மை அறிக்கையில் போகும். மறைக்காவிட்டால் போகாது. எப்படிப் புரட்டினாலும் இதே.

அக்டோபர் 17, வியாழன்

கடைசியில் மழை. எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் கணுக்கால் தண்ணீர். செருப்பு அறுந்தது.

பெட்டிக்குள் பேட்டரியில் ஓடும் வெப்பமானி பதிந்ததை வைத்து இரண்டு கிராஃப் வரைந்தேன். ஒன்றில் மூன்று நாளும் இருக்கிறது, கோடு மலை மாதிரி ஏறி இறங்குகிறது. இன்னொன்றில் கோடு அசையாமல் போகிறது, அழகாக. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முருகண்ணன் டீ கொண்டுவந்து வைத்தார். "எம் மேல கோவமா பிள்ளே? ரெண்டு நாளா மொகத்தப் பாக்க மாட்டேங்கியே."

"இல்லண்ணே." பொய் இவ்வளவு சுலபமாக வருகிறது. அதை ஏன் அறிக்கையில் மட்டும் எழுத முடியவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

மலை இருக்கிற கிராஃபைக் கொடுத்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எங்கில் உன்ற பாகம் வேண்டா. விட்டேக்கு." அப்படியானால் அறிக்கையில் என் குளிர்ப் பட்டைகளே வேண்டாமாம்.

மத்தியானம் அறிக்கை கம்பெனிக்குப் போய்விட்டது. அறைச் சூட்டில் வைத்த பட்டைகள் மட்டும். சிமெண்டில் குறை எதுவும் காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறது.