நான்காம் இடத்து உளி

மார்ச் 2

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் மகள் மட்டும் நேற்றிலிருந்து மாமனாரான என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். காரணத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்: எங்கள் மரவேலை பழகுவோர் சங்கத்தின் இருவார இதழ், ஏழாம் பக்கம், ‘புதிதாகப் பழகுபவருக்கு ஏற்ற உளி எது?’ எழுதியவன் அடியேன். முப்பது வருடமாகப் பல் பிடுங்குகிறவனுக்கு உளியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். நான்கு உளி, ஒரே பலகை, உளிக்கு ஐம்பது சுத்தியல் அடி, பிறகு பூதக்கண்ணாடி.

பச்சைப் பிடி முதலிடம். பட்டுத்துணி சுற்றிப் பெட்டியில் வந்தது இரண்டாவது. மஞ்சள் பிடி மூன்றாவது. நீங்கள் பரிசாகத் தந்த மரப்பிடி உளி நான்காவது. “வேணாங்க, சம்பந்தி குடுத்ததைப் போய் யாராவது கடைசியில போடுவாங்களா?” என்றாள் என் மனைவி. அறிவியலுக்கு ஏது சம்பந்தி என்றேன்.

பேத்திக்குப் படிப்பு மேசையை இருவரும் சேர்ந்து செய்வதாகப் பேசினோமே, என்றைக்கு வரட்டும்?

உங்கள் மாப்பிள்ளையின் அப்பா

மார்ச் 6

பல் டாக்டர் சம்பந்திக்கு,

ஏழாம் பக்கத்தை மூன்று முறை படித்தேன். ‘வெண்ணெயை வெட்டவே தயங்கும், பெயிண்ட் டப்பா திறக்க உதவலாம்.’ அடடா! அதை வெட்டி என் பட்டறைச் சுவரிலேயே ஒட்டிவிட்டார்கள். “மேஸ்திரி, பெயிண்ட் டப்பா வந்திருக்கு, உங்க உளியைக் குடுங்க” என்கிறான் என்னிடம் வேலை பார்க்கிறவன்.

அது தீட்டாத உளி ஐயா! வேண்டுமென்றே தீட்டாமல் கொடுத்தேன். எங்கள் பட்டறையில் ஒரு தச்சர் இன்னொரு தச்சருக்கு உளி கொடுத்தால் கூர் வைத்துக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் கைதான் அதற்கு முதலில் கூர் வைக்க வேண்டும். அப்போதுதான் அது அவருடைய உளி. கத்துக்குட்டிக்குத்தான் தீட்டிக் கொடுப்போம். உங்களைத் தச்சர் வரிசையில் வைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

மற்ற மூன்றையாவது தீட்டினீர்களா? உறையைப் பிரித்து அப்படியே அடித்திருப்பீர்கள். அடிப்பதற்கு முன் பலகைக்கு ஊசியாவது போட்டீர்களா?

மேசையை நானே செய்துகொள்கிறேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

உங்கள் மருமகளின் அப்பா

மார்ச் 16

சம்பந்தி அவர்களுக்கு,

கோபம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் தொழிலில் உறையைப் பிரித்தால் கருவி வேலைக்குத் தயார். உங்கள் பட்டறை வழக்கம் எனக்குக் கனவிலா வரும்?

எட்டு நாளாகக் கல்லில் தேய்க்கிறேன். நான்கையும் தீட்டிவிட்டேன், என் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து. கட்டுகளைப் பார்த்துவிட்டு, “யாரு டாக்டர் கடிச்சாங்க?” என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறார்கள் நோயாளிகள்.

புது இதழைப் பாருங்கள். உங்கள் உளிக்கு முதலிடம்! ‘ஈடு இணையற்றது, புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.’ திருப்திதானே? மேசைக்கு என்றைக்கு வரட்டும்?

உங்கள் மாப்பிள்ளையின் அப்பா

மார்ச் 19

சம்பந்திக்கு,

போன இதழில் தெரியாமல் எழுதினீர்கள். இந்த இதழில் தெரிந்தே பொய் எழுதியிருக்கிறீர்கள். முன்னதைக்கூட மறந்துவிடுவேன்.

யார் கேட்டது முதலிடம்? நான் கொடுத்தது கனமான உளி. எஃகு அருமையானது, ஆனால் பழகாத கைக்கு அரை மணி நேரத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும். முதுகுப் பக்கத்தைத் தட்டையாக்கவே எனக்கு இரண்டு நாள் ஆகும். மஞ்சள் பிடி பத்து அடியில் வெட்டுவாய் மடங்கும். பட்டுத்துணிக்காரருக்கு வாய் உதிரும். புதியவருக்குப் பச்சைப் பிடிதான் சரி: சட்டென்று தீட்டலாம், கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலின் அடியைப் பிடி தாங்கும். என்னிடம் வந்து கேட்கிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். உங்கள் பேச்சை நம்பி ஒருவர் என் உளி மாதிரி ஒன்றை வாங்கி, கை வீங்கி, மரவேலையே வேண்டாமென்று போனால் யார் பதில் சொல்வது?

சம்பந்தி மரியாதை காட்ட ஆசையாக இருந்தால், வீட்டுக்கு வரும்போது நல்ல நாற்காலியாகப் போடுங்கள். அச்சில் காட்டாதீர்கள்.

மேசையைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

உங்கள் மருமகளின் அப்பா

மார்ச் 30

சம்பந்தி அவர்களுக்கு,

மூன்றாம் முறையாகப் போய் நின்றதும், “டாக்டர், இது பத்திரிகையா, உங்க குடும்பப் பஞ்சாயத்தா?” என்று ஆசிரியர் கத்தினார். கத்தட்டும். போட்டாயிற்று.

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதவில்லை. நான்கையும் மறுபடி தீட்டி, மறுபடி அடித்துப் பார்த்தேன். பச்சை முதலிடம். உங்களுடையது இரண்டாவது: இருநூறு அடிக்குப் பிறகும் கூர் அப்படியே இருக்கிறது, என் மணிக்கட்டுதான் இல்லை. முதலில் எழுதியது அறியாமை, அடுத்தது முகதாட்சண்யம் என்று என் பெயர் போட்டே அச்சடித்திருக்கிறேன். ஊரே சிரிக்கிறது.

இனி உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். மேசை போனால் போகட்டும்.

உங்கள் மாப்பிள்ளையின் அப்பா

ஏப்ரல் 3

சம்பந்திக்கு,

படித்தேன். இரண்டாம் இடம் நியாயம். மஞ்சள் பிடிக்கு மூன்றாம் இடம் கொடுத்தது அநியாயம், அது கடைசியில் நிற்க வேண்டியது. அதை நேரில் பேசிக்கொள்கிறேன், விடமாட்டேன்.

மேசையின் வலப்பக்கக் கால்களுக்கு மூட்டு வெட்டிவிட்டேன். இடப்பக்கம் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பச்சைப் பிடியை எடுத்து வாருங்கள். கோட்டைத் தாண்டி வெட்டினால், அந்தப் பக்கம் எந்தத் தாத்தாவின் வேலை என்று பேத்தியிடம் சொல்லிவிடுவேன்.

உங்கள் மருமகளின் அப்பா