நாக்கில் படிந்த வெள்ளை

2009 டிசம்பர், செவ்வாய் இரவு

இன்று பல் கிளினிக்குக்கு மருதமுனையிலிருந்து ஒருவர் வந்தார். கட்டாரில் சாரதியாக இருந்து, யுத்தம் முடிந்த கையோடு ஊர் திரும்பியவர். சோறு தின்ன வாய் எரிகிறது என்றார். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் படிந்ததுபோல வெள்ளை. பஞ்சால் துடைத்தபோது அடியில் இரத்தம் கசிந்தது. நாக்கின் ஓரத்து வெள்ளைக் கோடுகளோ துடைத்தும் போகவில்லை. இப்படி வர வைக்கும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவும் அவருக்கு இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழுந்துவிட்டதை வாய் காட்டிக்கொடுத்துவிட்டது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யவேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும் டொக்டர். அங்க மெடிக்கல் பெயிலாகித்தான் அனுப்பினாங்க. வீட்ட சொல்லல்ல."

"இதுக்கு மருந்து இரிக்கு. மனைவிக்கும் பார்க்கவேணும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, நானும் சேர்ந்து சொல்றன்."

"ஓம்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

அப்போது வெளியே காத்திருந்த அவர் மனைவி கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி.

"இவருக்குப் பல்லுல என்ன டொக்டர்?"

அவருடைய இரகசியத்தை நான் உடைக்க முடியாது. "பல்லுல ஒண்டுமில்ல தங்கச்சி" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். நான் பயந்துட்டன்" என்று சிரித்தாள்.

நான் சொன்னது பொய்யில்லை. பற்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. 'நாளைக்கு நீங்களும் வாங்க' என்றாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். அவர்கள் ஏறிய மோட்டார் சைக்கிள் போன பிறகுதான் அது தோன்றியது. வயிற்றுப் பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்க இன்னும் காலமிருக்கிறது. அவர் தனியாக வந்தால் இன்னொரு முறை கெஞ்சிப் பார்ப்பேன். வராமலே விட்டால், அவளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நான் சொன்ன 'ஒண்டுமில்ல' மட்டும்தான் மிஞ்சும்.