அறுபதைத் தொட முப்பத்தொரு விநாடி

திங்கட்கிழமை, காலை

தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இங்கு எல்லாரும் நலம் என்று தொடங்க மனம் வரவில்லை. அம்மாவின் இடுப்பு அறுவை சிகிச்சை வரும் மாதம் ஆறாம் தேதி என்று முடிவாகிவிட்டது. அது உனக்குத் தெரியும். அம்மா என்னோடு பேசி நான்கு நாளாகிறது. அது தெரிந்திருக்காது.

நீ வரும்போது வீட்டில் தங்க வேண்டாம், விமான நிலையத்தில் என்னை எதிர்பார்க்கவும் வேண்டாம் என்று அம்மா மூலம் சொல்லியனுப்பினேன். நீயும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓட்டல் அறை போட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டாய். சரி. ஆனால் காரணம் எழுத்தில் இருக்கட்டும். ஞாயிறுதோறும் நீ கூப்பிடுகிறாய், நான் எடுப்பதில்லை. போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் தோற்றுவிடுவேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

விஷயம் கார்தான்.

அப்பாவை மூன்று வருடம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவன் நான். அவர் காரை எழுதி வைத்தது உன் பெயருக்கு. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வருடம் ஓட்டிவிட்டு, வேலைக்கென்று வெளிநாடு கிளம்பிய அன்று சாவியை என் கையில் வைத்து, "வச்சுக்கோண்ணா, உனக்குத்தான் இது வேணும்" என்றாய். பெருந்தன்மைதான். மறுநாளே மேம்பாலம் ஏறும்போது தெரிந்துவிட்டது, என் தலையில் கட்டியது என்னவென்று.

எவ்வளவு மிதித்தாலும் முனகுகிறது, நகர மாட்டேன் என்கிறது. முடுக்கம் என்றால் என்ன என்று இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் நான். நிறுத்துக்கடிகாரத்தை வைத்து அளந்தேன். நின்ற இடத்திலிருந்து அறுபதைத் தொட முப்பத்தொரு விநாடி. காலை, மாலை, காலி வண்டி, ஆள் ஏற்றிய வண்டி, எல்லாம் நோட்டில் இருக்கிறது. மேம்பாலத்தில் தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர வண்டி என்னை முந்திப் போகிறது. எனக்கு வர வேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்த புண்ணியவான் ஒரு நாள் கல்லூரி வாசலில் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "இறங்கித் தள்ளட்டுமா சார்?" என்று கேட்டார். பின்னால் மாணவர்கள் நின்றிருந்தார்கள்.

காற்று ஃபில்டரை மாற்றினேன். ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன். பெட்ரோல் ஃபில்டரும் ஆயிற்று. கிளட்ச் தேய்ந்திருக்கும் என்றார் ஒரு மெக்கானிக். பிரித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று மூடினார். புகைக்குழாய் அடைத்திருக்கும் என்றார் இன்னொருவர். கழற்றினோம், பளிச்சென்று இருந்தது. "வயசான வண்டி சார், அதுக்கும் முட்டி வலிக்கும்ல" என்று அனுப்பிவிட்டார்.

உனக்கு இது முன்பே தெரியும். சாவி கொடுப்பதற்கு முந்தைய மாதம் நீயே சொன்னாய், அப்பா ஓட்டினபோது இருந்த வேகம் இப்போது இல்லை என்று. தெரிந்தே தள்ளிவிட்டாய். இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன், மாமாவிடம் சொன்னேன், அம்மாவிடம் நூறு தடவை சொன்னேன். "வண்டி மெதுவாப் போகுதுன்னா நீயும் கொஞ்சம் மெதுவாப் பேசேன்டா" என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நாளை மறுநாள் புதிதாக ஒரு மெக்கானிக்கிடம் விடுகிறேன். இது எத்தனை வருடத்துப் பழுது என்று எழுதி வாங்கி இதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை, மாலை

மேலே உள்ளதைக் கிழித்துப் போட நினைத்தேன். மாடிக்கும் வாசலுக்கும் நடந்துவிட்டு வந்து, வேண்டாம், நீ படித்தே ஆக வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

புது மெக்கானிக் ஒரு பெண்மணி. என் வயது இருக்கும். நோட்டை நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்து, அதன் மேல் ஸ்பேனரை வைத்தார். பானெட்டைத் திறந்து காற்றுக் குழாயைக் கழற்றினார். என்னை உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். எஞ்சினுக்குள் காற்றை விடும் மூடி எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். முழுசா மிதிங்க சார் என்றார். முழுதாகத்தான் மிதித்திருக்கிறேன் என்றேன். இங்கே பாதிதான் திறக்கிறது என்றார். கேபிளைக் கையால் இழுத்துப் பார்த்தார், மூடி முழுக்கத் திறந்தது. பிறகு என் பக்கம் வந்து குனிந்து, பெடலுக்குக் கீழே கைவிட்டுத் தடவினார்.

"ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? எதுக்கு சார் மூணு மேட்?"

அடியில் கிடந்தது அப்பா போட்டது. அதை எடுக்க மனமில்லாமல் நீ உன்னுடையதை மேலேயே விரித்திருக்கிறாய். அதில்தான் உனக்கும் கொஞ்சம் வேகம் குறைந்திருக்கிறது. அதை என்னிடம் மறைக்காமல் சொல்லவும் செய்திருக்கிறாய். மூன்றாவது, அந்தத் தடித்த ரப்பர், என்னுடையது. சாவி கொடுத்த மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன்பே, கடைக்கு நடந்து போய் வாங்கி வந்து போட்டேன். நீ விரித்ததில் உன் செருப்புத் தடம் இருந்தது. அதைக் கையால் தொட்டு எடுக்கவும் பிடிக்கவில்லை, அதன் மேல் கால் வைக்கவும் பிடிக்கவில்லை. பெடல் பாதி தூரம் இறங்கி என் ரப்பரில் முட்டி நின்றிருக்கிறது. எட்டு மாதம்.

என் மாணவன் எவனாவது செய்முறைத் தேர்வில் இப்படிச் செய்திருந்தால் பூஜ்யம் போட்டு, ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

மூன்றையும் எடுத்துவிட்டு ஓட்டினேன். பதினான்கு விநாடி. எதையும் எழுதித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "அவகிட்டச் சொல்லிட்டியா?" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் சொல்லியாயிற்று. துறைத்தலைவரிடம் சொல்லவில்லை. எதற்கும் ஓர் எல்லை உண்டு.

அப்பா காரை உன் பெயருக்கு எழுதியது சரியென்று நான் இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. அது வேறு வழக்கு. அதை நேரில் சண்டை போட்டுக்கொள்வோம். அதற்கு நீ வீட்டில் இருக்க வேண்டும். ஆறாம் தேதி காலை தன்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது இரண்டு பக்கமும் இரண்டு பேரும் வர வேண்டும் என்கிறாள் அம்மா. ஓட்டல் அறையை ரத்து செய்துவிடு. உன் கட்டில் மேல் அடுக்கியிருந்த விடைத்தாள் கட்டுகளை எடுத்துவிட்டேன். ஜன்னல் கொக்கியையும் சரிசெய்தாயிற்று.

காரில் இப்போது அப்பாவுடைய மேட் மட்டும் கிடக்கிறது. அவர் குதிகால் படும் இடம் ஓட்டையாகியிருக்கிறது. உன்னுடையதைத் தேய்த்துக் கழுவிக் கொடியில் போட்டிருக்கிறேன். அந்தத் தடம் போகவில்லை. இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். விமானம் எத்தனை மணிக்கு வருகிறது என்று அம்மாவிடம் சொல்லியனுப்பாதே. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நீ அழுதாலும் சரி, எடுக்கிறேன்.

உன் அண்ணன்