வளைவில் திரும்பாத மண்

டீச்சர்,

இன்று காலை நம் பள்ளிக்கூடத்தில் புதிய வகுப்பறைக்குத் தளம் போட்டார்கள். கலவை மெஷினிலிருந்து தகரச் சரிவில் கொங்கிரீட்டைக் கொட்டும் சத்தம் கேட்டு, திருத்திக்கொண்டிருந்த கட்டுரைகளை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். பெரிய கற்கள் முந்திக்கொண்டு முன்னால் உருண்டன. குழம்பாயிருந்த சாந்து அவற்றைப் பின்னாலிருந்து தள்ளியது. "பாத்தீங்களா, கல்லுதான் முன்னுக்கு வாற" என்று நீங்கள் பக்கத்தில் நின்று சொல்வதுபோல் இருந்தது. கட்டட வேலையை நடத்திய மேசன் பாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தமிழ் டீச்சருக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்திருப்பார்.

பதுளை டவுனில் கடைக்காரர் வீட்டில் பிறந்து, பௌதிகவியல் படித்துவிட்டு, மடுல்சீமைப் பக்கம் இந்தத் தேயிலைத் தோட்ட மலைக்கு நீங்கள் வேலைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வளைவு வளைவாக ஏறிய பஸ்ஸிலிருந்து முகம் வெளுத்துப்போய் இறங்கினீர்கள். இவர் நிலைக்க மாட்டார் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். நீங்களோ என்னோடு ஒரே குவார்ட்டர்ஸில் வருடக்கணக்கில் இருந்தீர்கள். நீங்கள் தொழுது முடிக்கும்வரை நான் ரேடியோவைப் போடமாட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள் இஞ்சி தட்டிப்போட்டுக் கஞ்சி காய்ச்சுவீர்கள். ஒரே வயது, ஒரே சமையலறை. ஆனாலும் "டீச்சர்" என்று கூப்பிடுவதை இருவருமே கடைசிவரை விடவில்லை.

மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளை, அந்த லயங்களை, மண் சரிந்து மூடிய பிறகு, எங்கள் பக்கத்தில் மழை என்றாலே எல்லாருக்கும் பயம்தான். என் அம்மா அப்பா இருந்த கீழ்ப்பிரிவு லயத்தில், மழைக்காலத்தில் உடுப்பு மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது: "பயம் நல்லதுதான் டீச்சர். ஆனா எந்தப் பக்கம் ஓடணும்டு பயத்துக்குத் தெரியாதே."

அந்த வாரமே பள்ளிக்கூட வராந்தாவில் மழைத்தண்ணீர் வடியும் பழைய கூரைப் பீலி ஒன்றை வளைத்துச் சாய்த்துக் கட்டினீர்கள். பிள்ளைகள் வாளி வாளியாகச் சேறும் சரளைக்கல்லும் கொண்டுவந்தார்கள். மலை எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கினீர்கள். மண் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒன்றையொன்று உராய்ந்து பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. மழை ஊறி இடைவெளியெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால், மணிகள் தாங்கிய பாரத்தில் ஒரு பங்கைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். பிடி தளரும். அதுவரை நின்ற மண் ஓடத் தொடங்கும். அந்தக் குழம்பு தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம். அதனால்தான் பாறையைக்கூடத் தூக்கிக்கொண்டு வருகிறது.

பிறகு பீலியில் சேற்றை ஊற்றச் சொன்னீர்கள். வளைவில் அது திரும்பவில்லை. வந்த வேகத்தில் வெளிப்பக்க விளிம்பில் ஏறித் தாவி, பார்த்துக்கொண்டு நின்ற பள்ளிக்கூட அதிபரின் வெள்ளைக் காற்சட்டையில் போய் விழுந்தது. பிள்ளைகள் கூரை அதிரச் சிரித்தார்கள். "இது விஞ்ஞானப் பாடமா, வயல் வேலையா டீச்சர்?" என்றார் அதிபர். "சேர் நின்டது வெளி வளைவுல. உள்ளுக்கு நின்டிருந்தா ஒன்னும் பட்டிருக்காது" என்றீர்கள் நீங்கள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. விடாமல் கொட்டிய மழையில் பள்ளிக்கூடத்தைக் காலையிலேயே மூடிவிட்டார்கள். கீழ்ப்பிரிவுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாம் இருவரும் லயத்துக்கு இறங்கினோம். அங்கே ஆற்றோரத்தில் சனம் கூடியிருந்தது. காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த ஆறு ஒடுங்கி, கல்லிடுக்கில் நூலாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆறு அடங்கிருச்சு டீச்சர், இனிப் பயமில்ல" என்றாள் பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா.

நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். மழை கொஞ்சமும் குறையவில்லை. "மழ பெய்யுது, தண்ணியக் காணோம். அப்ப தண்ணி எங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டீர்கள். பதிலையும் நீங்களே சொன்னீர்கள்: "மேல மண் சரிஞ்சு அடச்சிருக்கு. அது உடையப் போகுது."

எதற்கும் ஆற்றைத் தாண்டி அக்கரையிலிருந்த புதிய மண்டபத்தில் தங்குவோம் என்று சனம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. தோட்டத் தலைவர் முன்னாலேயே போய்க் கதவைத் திறந்துவிட்டு, "கொங்கிரீட் கட்டடம், ஒன்னும் ஆகாது, வாங்க வாங்க!" என்று கைகாட்டிக் கூப்பிட்டார். நீங்கள் ஓடிப்போய்ப் பாலத்தின் நடுவே கைகளை விரித்து நின்றீர்கள்.

"யாரும் தாண்டவாணாம்! மண்டபம் வெளி வளைவுல இரிக்கு. அது வாற நேரம் திரும்பாது, நேரா அதுலதான் ஏறும்!"

டவுனிலிருந்து வந்த டீச்சர் வழியை மறிக்கிறாரே என்று சிலருக்குக் கோபம் வந்தது. "இவங்களுக்கு நம்ம ஆத்தப் பத்தி என்னங்க தெரியும்?" என்று ஒருவர் சத்தம் போட்டார். என் முறை அதுதான் என்று எனக்குப் புரிந்தது. நான் அந்த லயத்தில் பிறந்தவள். அம்மாவின் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "அப்பா, அம்மா, நடங்க மடுவத்துக்கு" என்றேன். கொழுந்து நிறுக்கும் மடுவம் எங்கள் பக்கம், ஆற்றைவிட்டு விலகி உயர்ந்த மேட்டில் இருக்கிறது. என் அப்பா நடந்தார். அவர் நடந்ததைப் பார்த்து மற்றவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். கடைசியாக நீங்கள் வந்தீர்கள், தலைவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே: "அண்ணே, பாலத்துக்கு வராதீங்க, அந்தப் பக்கமே மேல ஏறுங்க!"

நாம் மடுவத்தை அடைந்தபோது காலடியில் தரை நடுங்கியது. லொறிகள் வரிசையாக மலை ஏறுவதுபோல் ஓர் உறுமல். பச்சை மண்ணும் பிய்ந்த வேரும் கலந்த வாடை. பிறகு அது வந்தது. தண்ணீரே தெரியவில்லை. பாறைகளும் மரங்களும் சேர்ந்து ஒரு சுவராகி நடந்து வந்தன, பின்னால் கறுத்த குழம்பு. வளைவில் அது திரும்பவில்லை. பாலத்தை எடுத்துக்கொண்டு அக்கரையில் ஏறி, மண்டபத்தின் சுவரை உள்ளே தள்ளியது. மேலே தேயிலைச் செடிகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தலைவர் அதைப் பார்த்தார்.

சத்தம் ஓய்ந்ததும் ராசம்மா அக்கா ஆட்டை அவிழ்த்துவிடக் கீழே ஓடப் பார்த்தாள். நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "அக்கா, அது ஒரே தரத்துல முடியிறதில்ல. அடச்சு அடச்சுத்தான் வரும். பொறுங்க." அவள் உங்களை ஏசினாள், அழுதாள். சற்று நேரத்தில் இன்னோர் அலை வந்து கீழ் லயத்தைக் கூரைவரை நிரப்பியது. ஆடு போய்விட்டது. ராசம்மா அக்கா உங்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். லயத்து ஆட்களில் ஒருவரையும் நாம் இழக்கவில்லை.

போன வருடம் நோய் உங்களைக் கொண்டுபோனது. கீழ்ப்பிரிவுச் சனம் ஒரு பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்து உங்கள் வீட்டு ஒழுங்கையில் நின்றது. உங்கள் ஜனாஸாவைச் சுமந்தவர்களிடம், தானும் தோள் கொடுக்கலாமா என்று தோட்டத் தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். உங்கள் தம்பி நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். பள்ளிவாசல்வரை அவர் தோள் மாற்றவில்லை.

இப்போது மழை வலுத்தால் சனம் என்னிடம்தான் கேட்கிறது, டீச்சர். நான் உங்களைப்போல் கணக்கெல்லாம் போட்டவள் இல்லை. ஆனால் ஆறு எங்கே வளைகிறது, எந்த மேடு நிற்கும், ஆற்றின் சத்தம் மாறினால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தமிழ்ப் பாட நேரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறேன். போன மாத மழையில் எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றினேன். பொழுது சாயும்வரை காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. இறங்கும்போது ஒருவர் முணுமுணுத்தார்: "சும்மா நனைஞ்சோம் டீச்சர்."

"அடுத்த மழைக்கும் நனைவோம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எல்லார் வீட்டிலும் அடுப்பு மூட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் நான் வீட்டுக்குப் போய்த் தலையைத் துவட்டினேன்.