குழியாத்தாளுக்கு ஊற்றிய எண்ணெய்

முதலமடை
20.4.1975

அன்பு மகள் கமலாத்தாளுக்கு ஆத்தா எழுதுவது. இங்கே நானும் உன் அய்யனும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நாகபுரியில் நீயும் பேத்தியும் சுகமா என்று கேட்கக் கை வரவில்லை, கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய். மாப்பிள்ளை குடித்துவிட்டு அடிக்கிறார், பிள்ளையோடு வந்துவிடட்டுமா என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அய்யனிடம் சொன்னதற்கு, "கட்டிக் குடுத்த புள்ள திரும்பி வந்து குடியிருந்தா குழியாத்தா பொறுக்க மாட்டா" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை கண்ணு, மாங்காய் லாரிக்கு ஆள் கிடைக்காமல் நானே பொறுக்கிக் கட்டித் தோள் விட்டுப்போயிற்று.

நம் வீட்டு வழக்கம் நீ பார்த்து வளர்ந்ததுதான். கோட்டைமேட்டு இடிபாட்டிலிருந்து எந்தக் காலத்திலோ முன்னோர் தூக்கி வந்து, குழியாத்தா என்று பேர் வைத்துக் கும்பிட்ட குழிக்கல்லுக்கு வெள்ளிக்கிழமைதோறும் விளக்கெண்ணெய் ஊற்றி, குழியில் உலக்கையை நிறுத்தி, ஆண்பிள்ளைகள் நல்லபடியாக வெளியூர் போக இடப்பக்கம் ஒரு திருப்பு, திரும்பி வர வலப்பக்கம் ஒரு திருப்பு. பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் அன்றைக்கு இடப்பக்கம் மட்டும், அதோடு சரி. உனக்கும் அப்படித்தான் திருப்பினோம்.

இப்போது கோட்டைமேட்டைத் தோண்ட சர்க்கார் ஆட்கள் வந்திருக்கிறார்கள். நம் கல்லைப் போலவே இன்னொன்று ஒரு பழைய வாசலடியில் கிடைத்ததாம், அதன் குழியில் மக்கிய கதவுக்கட்டை நின்றபடியே இருந்ததாம். அவர்களுடைய அதிகாரி ஏசுதாஸ் நம் வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டு, கல்லைத் தடவிப் பார்த்து, இது கோட்டைக் கதவு சுழலுகிற குழி, சத்தம் போடாமல் இருக்க எண்ணெய் விட்டிருப்பார்கள் என்றார். உன் அய்யன், "ஏனுங்க, சாமியப் போயிக் கதவுங்கறீங்களே" என்றவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். இத்தனை வருஷம் விரதமிருந்து கதவுக்கா எண்ணெய் ஊற்றினேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு மாங்காய் பொறுக்கிக்கொண்டே யோசித்தேன். கதவென்றால் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டியதுதானே, பெண்ணுக்கு ஒரு பக்கம் மட்டும் என்று அந்தக் கோட்டைக்காரர்களா சொன்னார்கள், நாமாகச் சேர்த்துக்கொண்டதுதான்.

இந்த வெள்ளிக்கிழமை எண்ணெய் ஊற்றி, உன் பேரைச் சொல்லி, உலக்கையை வலப்பக்கம் திருப்பினேன். உன் அய்யன் பார்த்துக்கொண்டுதான் நின்றார், தடுக்கவில்லை.

மாப்பிள்ளை கையில் சிக்காமல் இருக்க இதை உன் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் விலாசத்துக்குப் போடுகிறேன். ரயிலில் பேத்திக்குக் கண்ட தண்ணீரையும் கொடுக்காதே. குழியாத்தா சாமியானாலும் கதவானாலும் உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும். புறப்படுகிற நாளை மறக்காமல் எழுது. நேற்றுச் சாப்பிட உட்கார்ந்த உன் அய்யன், "ஏம்புள்ள, நாகபுரி ரயிலு ஒலவக்கோட்டு டேசனுக்கு எந்நேரத்துக்கு வருது" என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

உன் ஆத்தா
மருதாத்தாள்