இரும்புக் கதவின் சாவி

ஞாயிறு, இரவு.

மீனாவின் பள்ளியில் கொடுத்த நிலநடுக்க வரைபடத்தில் நம் ரங்கூனும் ஆபத்துப் பகுதிக்குள்தான் இருக்கிறது. அதனால் இன்று காலை வீட்டிலேயே ஒத்திகை வைத்தாள் மகள். முதல் விசிலுக்கு மூவரும் மேசைக்கடியில் புகுந்தோம். இரண்டாவது விசிலுக்கு நான்காவது மாடியிலிருந்து தெருவுக்கு இறங்க வேண்டும். நான்தான் முதலில் வந்து சேர்ந்தேன். பெருமையோடு திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரையும் காணோம்.

பால்கனியில் என் மனைவி மா கின் நின்றாள். "எங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டு எங்க ஓடுறீங்க?"

இருபது வருடப் பழக்கம். வாசலைத் தாண்டியதும் கை தானாக இரும்புக் கதவைப் பூட்டியிருக்கிறது. சாவி என் லுங்கி மடிப்பில்.

தெருவே சிரித்தது. காய்கறி ஏற்றுவதற்காகப் பால்கனியிலிருந்து தொங்கும் மணிக்கயிற்றில் சாவியைக் கட்டி, மேலே மணி அடிக்கும்படி ஆட்டினேன். மேலே இழுத்துக்கொண்டே, "அப்பா பெயில்!" என்றாள் மீனா. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இனி ராத்திரியில் பூட்டே கூடாது, தாழ்ப்பாள் போதும் என்று மா கின் சொல்லிவிட்டாள். இருவரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நான் மட்டும், நிலநடுக்கத்தை மறந்து, திருடன் வருகிறானா என்று படிக்கட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.